கால்கட்டுப் போட்டவருக்கு ஆயுள் தண்டனை: டாக்டர் மட் நாடகத்தைப் பார்த்தவர்கள் வாருங்கள்

பாம்பன்காற்று எழுதியது:

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கின்றன. வீட்டில் இருந்த நேரத்தில் ஒரு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத்தைப் பார்த்தேன். சி.பி.எஸ். தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டு 1980-இல் ஒளிபரப்பானது. டாக்டர் சாமுவேல் மட் ஆக டென்னிஸ் வீவர், அவர் மனைவி பிரான்சிஸ் ஆக சூசன் சல்லிவன். இரண்டு இரவுகளாக அதே நினைவாக இருக்கிறேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டனில் ஃபோர்டு நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனை ஜான் வில்க்ஸ் பூத் என்ற நடிகன் சுட்டான். தப்பி ஓடியபோது அவனுடைய இடது கால் எலும்பு முறிந்திருந்தது. மறுநாள் விடிவதற்கு முன், நான்கு மணி வாக்கில், டேவிட் ஹெரால்ட் என்ற கூட்டாளியோடு மேரிலாந்தில் ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினான். அது டாக்டர் மட் வீடு. அப்போது அவருக்கு 31 வயது, நான்கு குழந்தைகள். வீங்கிய காலில் இருந்த பூட்ஸைக் கிழித்துக் கழற்றி, அட்டையை மடித்து அணைவாக வைத்துக் கால்கட்டுப் போட்டார். படுக்க இடம் கொடுத்தார். ஊன்றுகோல் செய்து கொடுக்கப்பட்டது. அன்று பிற்பகலில் இருவரும் போய்விட்டார்கள். ஏப்ரல் 24 அன்று டாக்டர் கைதானார்.

ஒன்பது ராணுவ அதிகாரிகள் கொண்ட ஆணையம் எட்டுப் பேரை விசாரித்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தமக்காகத் தாமே சாட்சி சொல்ல அன்றைய நடைமுறை இடம் கொடுக்கவில்லை. நால்வரை ஜூலை 7 அன்று தூக்கிலிட்டார்கள். மட் ஒரே ஒரு வாக்கில் தூக்கிலிருந்து தப்பி, ஆயுள் கைதியாகக் கடலுக்கு நடுவே ஒரு தீவுக் கோட்டைக்கு அனுப்பப்பட்டார்.

நடுராத்திரியில் கால் ஒடிந்து வந்தவனுக்கு ஒரு மருத்துவர் வேறு என்ன செய்ய வேண்டும்? உறவுகள் சொல்லுங்கள்.


கீழக்கரை வாசகி எழுதியது:

பாம்பன் அண்ணன், நீங்கள் மனம் நொந்து எழுதியிருப்பது புரிகிறது. நானும் அந்த நாடகத்தைப் பார்த்திருக்கிறேன். அது மட் குற்றமற்றவர் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு எடுக்கப்பட்டது. பார்ப்பவர்கள் நம்பத்தான் செய்வார்கள்.

ஆனால் பூத் அவருக்கு அந்நியன் இல்லை. 1864 நவம்பரில் ஊர்த் தேவாலயத்தில் அறிமுகமாகி, மட் துணையோடு பக்கத்துப் பண்ணையில் பூத் குதிரை வாங்கியிருக்கிறான். அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று வாஷிங்டனில் மறுபடியும் சந்தித்திருக்கிறார்கள். கூடவே பூத்தின் கூட்டாளி ஜான் சுராட் இருந்தான். கைதானபோது இந்த இரண்டாவது சந்திப்பை மட் சொல்லவில்லை. தண்டனை பெற்றுத் தீவுக்குப் போன பிறகு, ஆகஸ்ட் மாதம் எழுதிய வாக்குமூலத்தில்தான் ஒப்புக்கொள்கிறார்.

இன்னொன்று. கால்கட்டுப் போட்ட அன்றே, சனிக்கிழமை பிற்பகல் அவர் பிரையன்டவுன் என்ற ஊருக்குப் போனார். அங்கே குதிரைப் படை வந்து இறங்கியிருந்தது. கொலைச் செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அங்கே அவர் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்த பிறகு ஒன்றுவிட்ட சகோதரரிடம் சொல்லி அனுப்பினார். துப்பறிவாளர்கள் முதல்முறை வந்தபோது பூட்ஸைப் பற்றிச் சொல்லவில்லை. 21-ஆம் தேதிதான் அது வெளியே வந்தது. அதற்குள்ளே ‘ஜே. வில்க்ஸ்’ என்று எழுதியிருந்தது.

கால்கட்டுக்காகத் தண்டித்தார்கள் என்று சொல்வது நாடகத்தின் சொல். தண்டனை அந்த மௌனத்துக்காக.


தேவிபட்டினம் செவிலி எழுதியது:

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அவசரப் பிரிவில்தான் பெரும்பகுதி. அதனால் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

வெட்டுக்காயத்தோடு வருவான். யார் வெட்டினார்கள் என்று கேட்டால் பனைமரத்திலிருந்து விழுந்தேன் என்பான். பூத்தும் அப்படித்தான், குதிரை விழுந்து கால் ஒடிந்தது என்று சொன்னான். எங்களுக்குத் தெரியும், அவன் சொல்வது பொய் என்று. ஆனாலும் முதலில் ரத்தத்தை நிறுத்துவோம். தையல் போடுவோம். அதற்குள் பக்கத்தில் ஒருவர் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டை எழுதுவார். காவல் நிலையத்துக்குத் தகவல் சீட்டு போகும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. காவல்துறை நடைமுறைக்காகக் காத்திராமல் காயம்பட்டவருக்கு உடனே சிகிச்சை தர வேண்டும், அவர் குற்றவாளியாக இருந்தாலும் சரி என்று நம் உச்ச நீதிமன்றமே 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு போலீஸ் கேஸ் என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பிய கதைகளை நான் பார்த்திருக்கிறேன். அதில் போன உயிர்களையும் பார்த்திருக்கிறேன்.

எனவே கால்கட்டுக்கு நான் மட் பக்கம். தகவல் சீட்டு தாமதமானதற்கு வாசகி பக்கம். ஆனால் ஒரு நாள் தாமதத்துக்கு ஆயுள் தண்டனையா? ஹெரால்ட் இன்னும் அருகில் இருக்கிறான், கையில் துப்பாக்கி இருக்கிறது, வீட்டில் நான்கு சிறு பிள்ளைகள். தான் வெளியே போன நேரத்தில் அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார்களோ என்ற பயம் எந்தத் தகப்பனுக்கும் வரும். எங்கள் பிரிவில் எத்தனையோ முறை அந்தப் பயத்தோடு நான் நின்றிருக்கிறேன்.


ஏர்வாடி இளைஞன் எழுதியது:

அந்தத் தீவைப் பற்றி யாராவது எழுதுங்கள். நாடகத்தில் அந்தக் கோட்டையைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.


தொண்டி ஆசிரியர் எழுதியது:

தம்பி கேட்டதற்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பெயர் டிரை டார்ச்சுகாஸ். புளோரிடாவின் கீ வெஸ்ட் தீவிலிருந்து மேற்கே ஏறக்குறைய 110 கிலோமீட்டர். 1513-இல் அங்கே வந்த ஸ்பானியர் போன்ஸ் டி லியோன், ஏராளமாக ஆமைகளைப் பிடித்ததால் ஆமைத் தீவுகள் என்று பெயரிட்டார். ‘டிரை’ என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது, குடிதண்ணீர் கிடையாது என்று கப்பல்காரர்களை எச்சரிப்பதற்காக. நமக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. பவளப்பாறை, மணல்திட்டு, பேராமை, நாற்புறமும் உப்புத் தண்ணீர்: குருசடைத் தீவுக்குப் போய் வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

அந்த மணல்திட்டின் மேல் 1846-இல் ஜெஃபர்சன் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். ஆறு பக்கம் கொண்டது. ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம் செங்கல். கடைசி வரை கட்டி முடிக்கவே இல்லை. மழைநீரைச் சேமிக்கச் சுவர்களுக்கு அடியில் தொட்டிகள் அமைத்தார்கள். செங்கல்லின் பாரத்தில் மணல் இறங்கியது, தொட்டிகள் விரிசல் விட்டன, கடல்நீர் உள்ளே புகுந்தது. தண்ணீரை எங்கெல்லாம் பிடித்து வைக்க முடியுமோ அங்கெல்லாம் வைத்தார்கள்.

1867 ஆகஸ்டில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. கோட்டையில் இருந்த சுமார் 400 பேரில் 270 பேர் படுத்துவிட்டார்கள். 38 பேர் இறந்தார்கள். கோட்டையின் ராணுவ மருத்துவர் ஜோசப் சிம் ஸ்மித் இறந்தார். மட்டோடு சேர்ந்து தண்டனை பெற்ற மைக்கேல் ஓ’லாக்லன் செப்டம்பர் 23 அன்று இறந்தான். மருத்துவர் இல்லாத கோட்டையில், கைதியான மட் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள முன்வந்தார். கீ வெஸ்டிலிருந்து டேனியல் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற முதிய மருத்துவர் வந்து சேர்ந்துகொண்டார். நோயாளிகளைப் படகில் ஏற்றி வேறு திட்டுக்கு அனுப்புவதை மட் நிறுத்தினார். அந்த அலைச்சலே அவர்களைக் கொல்கிறது என்றார். அக்டோபரில் அவரும் விழுந்தார். உடனிருந்த கைதிகள் பார்த்துக்கொண்டார்கள்.

அவருக்கு அந்த நோய் எதனால் வருகிறது என்று தெரியாது. உலகில் யாருக்கும் தெரியாது. காற்றில் வரும் விஷம் என்று நம்பினார்கள். கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே கொசுதான் என்று 1881-இல் சொன்னார். வால்டர் ரீட் குழு அதை 1900-இல் நிரூபித்தது. எந்தக் கொசு தெரியுமா? ஏடிஸ் எஜிப்டி. நம் வீட்டுக் குடத்திலும் சிமெண்ட் தொட்டியிலும் முட்டையிட்டு டெங்குவைக் கொண்டு வருகிற அதே கொசு. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாமல் வாரக்கணக்கில் சேமித்து வைக்கிற நம் ஊரில், சுகாதாரப் பணியாளர் வந்து தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனால் நம் பெண்கள் அழுகிறார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில்தான் இந்தக் கொசுவுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. அந்தக் கோட்டையின் தொட்டிகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு என் தெரு நினைவுக்கு வந்தது.

காய்ச்சல் ஓய்ந்ததும் உயிர் பிழைத்த சிப்பாய்கள் மட்டை விடுவிக்கச் சொல்லி அதிபருக்கு மனு எழுதிக் கையெழுத்திட்டார்கள். அவரைக் காவல் காத்தவர்கள்! 1869 பிப்ரவரி 8 அன்று அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மன்னிப்பு வழங்கினார்.


கீழக்கரை வாசகி எழுதியது:

ஆசிரியர் ஐயா, இதைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் எழுதாமல் இருந்தேன். அவர் செய்த அந்தத் தொண்டினை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுக்கவும் மாட்டேன்.

ஆனால் இந்த இழையில் இதுவரை வராத ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். மேரி சிம்ஸ். மட்டின் வீட்டில் அடிமையாக இருந்த பெண். மட் அடிமைகளை வைத்துப் புகையிலை பயிரிட்டவர். அடிமைமுறை 1864 நவம்பர் 1 அன்று மேரிலாந்தில் ஒழிந்தது. அந்தச் சமயத்தில்தான் மேரி அந்த வீட்டை விட்டுப் போனாள். அடித்ததால் போனேன் என்று ராணுவ ஆணையத்தின் முன் சொன்னாள். ஜான் சுராட் அங்கே வந்து போனதையும், உள்நாட்டுப் போரில் லிங்கன் அரசை எதிர்த்த தென்மாநிலப் படையினர் அருகே காட்டில் படுத்திருந்ததையும், தான் சோறு கொண்டுபோனதையும் சொன்னாள். எல்சி எக்லென்ட் என்பவரும் அடிமையாக இருந்தவர்; தன்னை மட் சுட்டார் என்றே சாட்சி சொன்னார். மருத்துவர் தன் வீட்டு ஆளைச் சுட்டிருக்கிறார், அண்ணன். அந்தக் காயத்துக்கு யார் கட்டுப் போட்டது?

மேரி பொய் பேசுகிறவள் என்று சொல்ல எதிர்த்தரப்பு வரிசையாகச் சாட்சிகளைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல், மட்டைப் பற்றி எடுக்கப்பட்டவை எல்லாம் அவருடைய கண்ணீரைத்தான் காட்டின. 2024-இல் வந்த ‘மேன்ஹன்ட்’ தொடரில்தான் மேரி சிம்ஸ் ஒரு முக்கியப் பாத்திரமாக வருகிறாள். அதிலும் வரலாற்றை வளைத்திருக்கிறார்கள்: பூத் வந்த இரவில் அவளை அந்த வீட்டிலேயே இருக்க வைத்துவிட்டார்கள். உண்மையில் அவள் அதற்கு முன்பே போய்விட்டாள். அவள் ஆணையத்தில் பேசியதை அப்படியே காட்டியிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.


பாம்பன்காற்று எழுதியது:

தங்கச்சி, எல்சி எக்லென்ட் பெயர் எனக்கு இன்றுதான் தெரியும். தேடிப் படித்தேன். நீ சொன்னது சரி. நல்லவர் என்று நான் எழுதிய வரி எதையும் பிடித்துத் தொங்கப் போவதில்லை. கால்கட்டுப் போட்ட கை சாட்டை பிடித்த கையும்தான்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். கெட்டவராக இருந்தால் முறையற்ற விசாரணை முறையாகிவிடுமா?


மண்டபம் வழக்கறிஞர் எழுதியது:

ஆகாது. நாம் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மட்டுக்குத் தெரியுமா என்பது ஒன்று. அவரை விசாரித்தவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பது வேறு.

முதல் கேள்விக்கு என் எண்ணம் வாசகியின் பக்கமே சாய்கிறது. 1977-இல் ஒரு பழைய காகிதக் கட்டிலிருந்து ஜார்ஜ் அட்ஸெராட்டின் வாக்குமூலம் கிடைத்தது. தூக்கிலிடப்பட்ட நால்வரில் அவரும் ஒருவர். கொலைக்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்பே பூத் மதுவும் உணவுப் பொருள்களும் மட் வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தான் என்று அதில் இருக்கிறது. கொலைக்கு முன் லிங்கனைக் கடத்த பூத் போட்டிருந்த பழைய திட்டத்தில் மட்டுக்குப் பங்கு இருந்திருக்கலாம். கொலைத் திட்டம் அவருக்குத் தெரியும் என்பதற்கு அதில் எதுவும் இல்லை.

இரண்டாவது கேள்விதான் என்னை இன்றும் சுடுகிறது. வாஷிங்டனில் சிவில் நீதிமன்றங்கள் திறந்திருந்தன. ஆனாலும் சீருடை அணியாத குடிமக்களை ராணுவம் விசாரித்தது. அடுத்த ஆண்டே, 1866-இல், மில்லிகன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நீதிமன்றங்கள் இயங்குகிற இடத்தில் குடிமக்களை ராணுவ ஆணையம் விசாரிக்கக் கூடாது. அதைப் பிடித்துக்கொண்டு மட் 1868-இல் மனுப் போட்டார். கொல்லப்பட்ட அதிபர் படைத்தலைவராகவும் இருந்தவர், அதனால் இது வேறு வகை என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

நம் சீமைக்கு இது புதிதா? 1795-இல் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனியார் கோட்டையிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். எந்த நீதிமன்றம் விசாரித்தது? சிறையிலேயே இருந்து 1809-இல் சென்னையில் இறந்தார். 1801-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையத் தேவரோடு எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். கோபத்தில் இருக்கிற படை நீதிபதியாக உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை நம் பாட்டன்மார் பார்த்திருக்கிறார்கள்.


தங்கச்சிமடம் வலைஞர் எழுதியது:

நான் இங்கே படிப்பேன், எழுத மாட்டேன். இன்று எழுதுகிறேன்.

மன்னிப்பு என்ற சொல்லை எல்லோரும் எளிதாகத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

எங்கள் ஊர் மீனவர்கள் ஐவரை 2011 நவம்பரில் இலங்கைக் கடற்படை பிடித்தது. போதைப்பொருள் வழக்கு. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பில் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அன்று மாலை எங்கள் தெருவில் அடுப்பு எரியவில்லை. மேல்முறையீடு போட்டார்கள். பிறகு அதிபர் மன்னிப்பு வழங்க வழிசெய்வதற்காக அந்த மேல்முறையீட்டையே திரும்பப் பெற்றார்கள். நவம்பரில் மன்னிப்பு வந்தது. ஐவரும் வீட்டுக்கு வந்தார்கள். கோயில் மணி அடித்தோம். உயிர் வந்ததே பெரிது. அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மன்னிப்பு வேண்டும் என்றால் வழக்கை விட்டுவிட வேண்டும். நான் செய்யவில்லை என்று மேல் நீதிமன்றத்தில் நின்று சொல்லும் வாய்ப்பு அதோடு போய்விடுகிறது. டாக்டர் மட் வீட்டுக்குப் போனார், சரி. தீர்ப்பு எங்கே போனது? அது அப்படியே இருக்கிறது.

என் அண்ணனை நான்கு ஆண்டுகளுக்கு முன் எல்லை தாண்டினான் என்று பிடித்தார்கள். காற்று படகைக் கிழக்கே தள்ளி, இயந்திரமும் நின்றுபோன இரவு அது. அங்கே சிறையில் இரண்டு மாதம் இருந்தான். கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒத்திவைத்த தண்டனையோடு இன்றே அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். இல்லையென்றால் வழக்கு நடக்கும், எத்தனை மாதம் என்று தெரியாது. அண்ணிக்கு அப்போது ஏழாவது மாதம். ஒப்புக்கொண்டான். விமானத்தில் ஏறி வந்தான், மாலை போட்டு அழைத்து வந்தோம். இப்போது அவன் கடலுக்குப் போகப் பயப்படுகிறான். இன்னொரு முறை பிடிபட்டால் அந்தப் பழைய தண்டனையும் சேர்ந்துகொள்ளும். படகும் அங்கேயே நின்று மக்கிப்போனது. ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்குகிறான். விடுதலை என்று பேப்பரில் போட்டார்கள். அவன் அந்தச் செய்தியை வெட்டி வைக்கவில்லை.

வாசகி சொன்ன அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் அநியாயம்தான். அதற்காக அவரைக் கொலைக் குற்றவாளி என்று எழுதி வைக்க முடியாது. எதற்குத் தண்டனையோ அதற்கு விசாரணை இருக்க வேண்டும்.


கீழக்கரை வாசகி எழுதியது:

வலைஞர் அண்ணன், உங்கள் கடைசி வரியை ஏற்றுக்கொள்கிறேன். மேரி சிம்ஸை அடித்ததற்கு அவரை யாரும் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தவில்லை. நிறுத்தாத குற்றத்துக்காக வேறொரு தண்டனையை நான் நியாயப்படுத்தக் கூடாது. முதலில் எழுதியதில் எனக்கு அந்தத் தடுமாற்றம் இருந்தது.

தீர்ப்பு எங்கே போனது என்று கேட்டீர்கள். அதைத்தான் அவருடைய பேரன் டாக்டர் ரிச்சர்ட் மட் வாழ்நாள் முழுக்கக் கேட்டார். 1979-இல் அதிபர் கார்ட்டர் கடிதம் எழுதினார். உங்கள் தாத்தா குற்றமற்றவர் என்று தாம் நம்புவதாகவும், ஆனால் தீர்ப்பை நீக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். ரீகனும் 1987-இல் அதே போல் எழுதினார். 1992-இல் ராணுவத்தின் ஆவணத் திருத்த வாரியம், விசாரித்த ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று கூறித் தண்டனையை நீக்கப் பரிந்துரைத்தது. ராணுவத் துறை அதை ஏற்கவில்லை. ரிச்சர்ட் மட் 2002-இல் 101 வயதில் இறந்தார். வழக்கு அதற்கு அடுத்த ஆண்டோடு முடிந்துபோனது. தீர்ப்பு இன்றும் நிற்கிறது.


தங்கச்சிமடம் வலைஞர் எழுதியது:

அதிபர் கையில் மன்னிக்கும் அதிகாரம் இருக்கிறது, தவறு என்று எழுதும் அதிகாரம் இல்லை. இதை அண்ணனிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை.

தீவிலிருந்து மற்றவர்கள் என்ன ஆனார்கள்? டாக்டருக்குப் பேரன் இருந்தார், நாடகம் இருக்கிறது. கூட இருந்தவர்களுக்கு?


தொண்டி ஆசிரியர் எழுதியது:

டாக்டரையும் சேர்த்து நால்வர் போனார்கள். ஓ’லாக்லன் காய்ச்சலில் இறந்ததைச் சொன்னேன். சாமுவேல் அர்னால்ட் 1869-இல் மன்னிப்பு பெற்று வந்தார். நான்காமவர் எட்மன் ஸ்பாங்லர்.

அவர் ஒரு தச்சர். ஃபோர்டு அரங்கில் மேடைப் பலகைகளை இழுத்து மாற்றும் வேலை. அன்று இரவு பூத் வந்து குதிரையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். வேலை இருக்கிறது என்று வேறொரு பையனைக் கூப்பிட்டு அவன் கையில் கடிவாளத்தைக் கொடுத்தார். அதற்கு ஆறு ஆண்டுகள். மட் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களில் இவரும் ஒருவர். அவருக்கும் 1869-இல் மன்னிப்புதான் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து மட்டின் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். மட் அவருக்கு நிலம் கொடுத்தார். தோட்டம் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தில் தச்சுவேலை செய்துகொண்டு இருந்து, 1875-இல் இறந்தார்.

இறந்த பிறகு அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தார்கள். உளிகளோடு சில தாள்கள் இருந்தன. அந்த இரவில் என்ன நடந்தது, தான் என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார்.